கொடுக்கும் உரிமை: யூதர் சபையும் ஊர்த் தலைக்கட்டும்

ஒரு சமயச் சமூகம் தன் மக்களுக்குச் செய்வதை இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். பசித்தவருக்குச் சோறும், நோயாளிக்கு மருந்தும், ஏழைப் பெண்ணின் கல்யாணச் செலவுக்குப் பணமும், ஆளில்லாமல் இறந்தவருக்கு அடக்கமும் தருவது ஆதரவு. வழிபாட்டில் ஓர் இடமும், சபையில் பேசும் உரிமையும், பொதுக்கணக்கில் ஒரு பெயரும் தருவது பங்கு. இவற்றுள் முன்னதே அறம் என்றும் பின்னது வெறும் நிர்வாகம் என்றும் எண்ணத் தோன்றும். ஆயினும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஒரு சமூகத்தின் உதவியைப் பெற்றுக்கொண்டே அதற்கு வெளியில் நிற்க முடியும் என்பதைக் கருதினால், இவ்விரண்டில் எது முதன்மையானது என்பது சமயத் தத்துவத்தின் கேள்வியாகவே ஆகிவிடுகிறது. இந்தக் கேள்வியை ஏட்டில் மட்டுமன்றி அன்றாட நடைமுறையிலும் சந்தித்தவர்கள் யூதர்கள். சொந்த அரசு இல்லாமல் பல நூற்றாண்டுகள் அயலூர்களில் வாழ்ந்த அவர்களுக்குச் சபையே பஞ்சாயத்தாகவும் பள்ளிக்கூடமாகவும் இடுகாட்டுக் கமிட்டியாகவும் இருந்தது.

யூதர் ஒருவர் தனியாகவும் ஜெபிக்கலாம். ஆனால் மோசேயின் ஐந்து நூல்களைத் தோலில் கையால் எழுதிச் சுருட்டி வைத்திருக்கும் தோராச் சுருளைப் பொதுவில் எடுத்து ஓதுவதற்கும், இறந்த பெற்றோரை நினைத்துச் சொல்லும் கதீஷ் என்னும் இறைப்புகழுக்கும் குறைந்தது பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். இந்தப் பத்துப் பேர் கூட்டத்துக்கு மின்யான் என்று பெயர். பழைய மரபின்படி 13 வயது நிரம்பிய ஆண்களே இதில் எண்ணப்படுவர். அவர்களுக்குள் படித்தவர், படிக்காதவர், பணக்காரர், பரம ஏழை என்ற வேறுபாடு கிடையாது. ஒன்பது பண்டிதர்கள் காத்திருக்க, சந்தையில் மூட்டை தூக்குபவர் ஒருவர் உள்ளே வந்த பிறகே சுருள் வெளியே வரும். அந்த நேரத்தில் அவர் எதையும் பெற வந்தவர் அல்லர். சபைக்கு இல்லாத ஒன்றை அவர்தாம் கொண்டுவந்திருக்கிறார்.

பணத்திலும் இதே நோக்கு உண்டு. யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் மக்கள்தொகை கணக்கெடுக்கப்படும்போது தலைக்கு அரைச் சேக்கல் வெள்ளி செலுத்த வேண்டும் என்றும், செல்வர் அதற்கு மேல் கொடுக்கக் கூடாது, ஏழை அதற்குக் குறைக்கக் கூடாது என்றும் விதி வருகிறது. தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் வழங்கும் தலைக்கட்டு வரியை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் நடத்தும் ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. மாரியம்மன் பண்டிகை சாட்டியதும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகும். அறுபது ஏக்கர்க்காரரும் அரை ஏக்கர்க்காரரும் அதே தொகையைத்தான் கட்டுவார்கள். சில ஊர்களில் கணவனை இழந்தவருக்குப் பாதி வரி என்ற சலுகை உண்டு. மாரண்டஹள்ளி போன்ற பேரூராட்சியில் குடிநீருக்கும் வீட்டுக்கும் அரசாங்கம் தனியே வரி வாங்கினாலும், அந்த ரசீது தராத ஒன்றைக் கோயில் வரி நோட்டு தருகிறது. அதில் பெயர் இருப்பவர் மட்டுமே ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம்.

யூதச் சட்டம் இன்னும் ஒரு படி கடந்து செல்கிறது. யூதச் சட்ட அறிஞர்களான ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பெருநூலான தல்மூதும், அதன் முடிவுகளை 12ஆம் நூற்றாண்டில் சட்டநூலாக வகுத்த மோசே மைமோனிதிஸும், தர்மப் பணத்தில் வயிறு வளர்ப்பவரும் தர்மம் கொடுக்கக் கடமைப்பட்டவரே என்கிறார்கள். ஆண்டுக்குச் சேக்கலில் மூன்றில் ஒரு பங்குக்கு யாரும் குறைக்கலாகாது. பூரிம் பண்டிகையில் உணவு அனுப்பும் கடமையை நிறைவேற்ற வழியில்லாத இரண்டு அறிஞர்கள், தத்தம் சாப்பாட்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டதாக ஒரு செய்தியும் தல்மூதில் உண்டு. கணக்குப் பார்த்தால் இருவர் தட்டிலும் எதுவும் கூடவில்லை, குறையவில்லை; ஆனால் இருவரும் கொடுத்தவர்களாகிவிட்டார்கள். இல்லாதவரிடம் கேட்பது கொடுமையல்லவா என்ற மறுப்பு இங்கே எழும். சமமான வரி ஏழையின் தோளிலேயே அதிகம் அழுந்துகிறது என்பது பொருளாதார உண்மைதான்; பண்டிகை வரி கட்டக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்களை யாரும் மறுக்க முடியாது. ஆனால் யூதச் சட்டத்தில் முதலில் பொது உண்டியல் அவருக்குக் கொடுக்கிறது. அதன் பிறகே அவரிடம் கேட்கிறது. இந்த வரிசை மாறினால்தான் வரி கொடுமையாகிறது.

பொது உண்டியல் என்று இங்கே சொன்னது குப்பா எனப்படும் வாராந்தர நிதியை. இரண்டு பேர் சேர்ந்து இதை வசூலிக்க வேண்டும், மூன்று பேர் சேர்ந்து பங்கிட வேண்டும் என்கிறது தல்மூதுக்கு முந்தைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது பண வழக்கில் தீர்ப்புச் சொல்வதைப் போன்றது என்பதாலும், பண வழக்கை மூவர் மன்றமே விசாரிக்க வேண்டும் என்பதாலும் இந்த ஏற்பாடு. இதன் பக்கத்திலேயே தம்ஹுய் என்ற வேறோர் ஏற்பாடும் இருந்தது. அது நாள்தோறும் வீடுவீடாகச் சமைத்த உணவைத் திரட்டி, வந்தவர் யாராயினும் அன்றைய பசிக்குக் கொடுப்பது. குப்பா உள்ளூர் ஏழைக்கு. தம்ஹுய் உலகத்தார் எல்லோருக்கும்.

தமிழ் வாசகருக்குத் தம்ஹுயின் இலக்கணம் வடலூரில் கிடைக்கும். 1867இல் இராமலிங்க அடிகள் தொடங்கிய சத்திய தருமசாலையில் ஊர், சாதி, சமயம் எதுவும் கேட்கப்படுவதில்லை, பெயரும் எழுதப்படுவதில்லை. யாரும் அடையாளம் காணாமல் உண்டு போகும் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு பெரிய மதிப்பு உண்டு, குறிப்பாக ஊராரின் கண்ணுக்கு அஞ்சி ஓடி வந்தவருக்கு. ஆனால் பந்தியில் உண்டவர் பந்தியை நடத்துபவராக ஆவதற்கு அடுப்பு மட்டும் போதாது. எல்லோருக்குமான அடுப்பும் எண்ணப்பட்டவர்களுக்கான உண்டியலும் தனித்தனியே வேண்டும் என்று பழைய ரபிகள் கண்டது கூர்மையான பார்வை. நலத்திட்டங்களைப் பற்றி இன்று பேசுவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்புகிறார்கள்.

எண்ணும் உரிமை கையில் இருப்பவர் சிலரை எண்ண மறுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சி யூதர்களின் வரலாறு சான்று. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடு, ஏனைய குடிகள் அரசனுக்குச் செலுத்தும் வரிகளிலிருந்து அவருக்கு விலக்கும், அவர்கள் பெறும் பேறுகளில் அவருக்குப் பங்கும் அளித்தது. அரசன் இப்படித் தாராளமாக நடந்துகொண்ட மண்ணில், சபைகளுக்குள் கணக்குக் கறாராகவே இருந்தது. கொச்சியின் ஒவ்வொரு யூதக் கோயிலையும் யோகம் என்ற உறுப்பினர் அவை நிர்வகித்தது. 1568இல் மட்டாஞ்சேரியில் ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் கட்டிய பரதேசி யூதக் கோயிலில், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டு யூதரானவர்களின் வழிவந்தோர் இந்த யோகத்தில் சேர்க்கப்படவில்லை. மெஷுஹ்ராரிம் எனப்பட்ட அவர்கள் உள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது. அசாரா என்னும் முன்கூடத்துத் தரையில்தான் உட்கார வேண்டும். சுருள் வாசிக்கும் அழைப்பும் அவர்களுக்கு இல்லை. இத்தனைக்கும் கொச்சியிலிருந்து சென்ற ஒரு கேள்விக்கு விடையாக, 16ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தில் வாழ்ந்த ரபி தாவீது இப்னு சிம்ரா, யூதராவதற்கான மூழ்குச் சடங்கு முடித்த பிறகு இத்தகையோர் எல்லா வகையிலும் சபைக்கு உரியவர்களே என்று தீர்ப்பு எழுதியிருந்தார். சட்டம் எகிப்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. பெஞ்சு வரை போய்ச் சேர நானூறு ஆண்டுகள் ஆயின.

அதைச் சேர்த்தவர் ஏ.பி. சேலம் என்று அறியப்பட்ட ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). விடுவிக்கப்பட்டோரின் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்து, வழக்கறிஞராகி, கொச்சிச் சட்டசபையிலும் உறுப்பினராக இருந்த அவரைச் சொந்தக் கோயில் தரையில் உட்காரச் சொன்னது. 1929ஆம் ஆண்டு லாகூர்க் காங்கிரசுக்குப் போய் வந்த சேலம், காந்தியின் சத்தியாக்கிரகத்தை யூதக் கோயிலுக்குள் கொண்டுவந்தார்; முன்கூடத்து இடத்தை ஏற்க மறுத்துப் புறக்கணித்தும் வாசற்படியில் உட்கார்ந்தும் தம் மக்களின் இடத்தைக் கேட்டார். படிப்படியாக விடுவிக்கப்பட்டோர் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்த மண்ணுக்கு இது புதிய செய்தியல்ல. ஆனால் சேலத்தின் கோரிக்கையில் ஒரு நுட்பம் உண்டு. அவருக்கு வேண்டியிருந்தது உதவி அன்று. படித்து, சம்பாதித்து, சட்டசபையில் பேசிய மனிதருக்குச் சபை செய்யக்கூடிய உதவி ஏதும் இல்லை. பத்தில் ஒருவராக எண்ணப்படும் கடமைக்காகவே அவர் போராடினார்.

பின்னர் நடந்ததை வரலாற்றின் குரூரம் என்றே சொல்ல வேண்டும். 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பான்மையினர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். மாளை என்ற ஊரில் இருந்தவர்கள் போவதற்கு முன்பு, 1955இல், தங்கள் கோயிலையும் இடுகாட்டையும் உள்ளூர்ப் பஞ்சாயத்தின் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். மட்டாஞ்சேரியிலோ காலப்போக்கில் பத்துப் பேர் கூடுவதே அரிதாகி, சுற்றுலாவாக வரும் வெளிநாட்டு யூதர்களை எதிர்பார்க்கும் நிலை வந்தது. முன்பு யாரை எண்ணலாம் என்று தேர்ந்தெடுத்த சபை, எண்ணுவதற்கு யாராவது கிடைப்பார்களா என்று வாசலைப் பார்த்தது.

பம்பாயில் கதை வேறு வகையில் சென்றது. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு அந்நகரில் முதற்கோயில் 1796இல் சாமுவேல் எசக்கியேல் திவேகர் கட்டியது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த அவர் மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு விடுதலையானதற்கு நன்றியாக இதைக் கட்டினார் என்பது அம்மக்களின் மரபுச் செய்தி. சிறைப்பட்டவரை மீட்பதே தர்மங்களில் தலையாயது என்று மைமோனிதிஸ் வகுத்திருப்பதை நினைத்தால், மீண்டு வந்தவர் ஒரு சபையையே எழுப்பியது அந்தச் சட்டத்தின் மறுபக்கமாகத் தோன்றுகிறது. அதே நகரில் பிரசவ மருத்துவராகவும் காமா மருத்துவமனையின் கண்காணிப்பாளராகவும் விளங்கிய ஜெருஷா ஜிராத், 1925இல் யூத சமய ஒன்றியத்தைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான குழந்தைகளை உலகுக்குக் கொண்டுவந்த கைகளுக்கு உரியவர், பழைய மரபில் பத்தில் ஒருவராக எண்ணப்படாத பெண் என்பது கவனிக்கத்தக்கது.

தர்மபுரிக்குத் திரும்பினால், தலைக்கட்டு நோட்டில் கணவனுள்ள பெண்ணுக்குத் தனிப் பெயர் இல்லை. கணவனின் பெயருக்குள் அவள் அடக்கம். இந்தக் குறையை மாற்றிய அமைப்பு கோயிலிலிருந்து வரவில்லை. 1989இல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. 12 முதல் 20 பெண்கள் கொண்ட குழு, ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள், மாதச் சந்தா, தீர்மான நோட்டு: இவ்வளவுதான் அதன் உறுப்புகள். முதலில் சேமிப்பு, பிறகே கடன் என்ற அதன் விதியை வங்கி ஒழுக்கமாகவே பலர் விளக்குகிறார்கள், அது போதாது. சந்தா கட்டிய பெண் கடன் கேட்கும்போது, தானும் சேர்ந்து போட்ட பணத்திலிருந்து கேட்கிறாள். இன்னொருத்திக்குக் கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் இடத்திலும் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கடனோ வேலையோ தொழிற்கூட்டோ தந்து ஒருவரைப் பிறர் கையை எதிர்பாராதவராக்குவதே கொடையின் எட்டுப் படிகளில் உச்சப்படி என்று மைமோனிதிஸ் வகுத்ததற்கு இதைவிட நெருங்கிய நடைமுறையைத் தேட வேண்டியதில்லை.

தலைக்கட்டு நோட்டின் பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது. தமிழகத்துக் கோயில்கள் சிலவற்றில் தலித் மக்கள் வைத்த புகார், தங்களிடம் அதிக வரி வாங்குகிறார்கள் என்பதன்று; தங்களிடம் வரியே வாங்குவதில்லை என்பது. கேட்காமல் விடுவதை இரக்கம் என்று வெளியார் தவறாகப் படிக்கக்கூடும். வரி வாங்கினால் மரியாதை செய்ய வேண்டும், தேர் வடத்தில் கைவைக்க விட வேண்டும், கணக்குக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அதனால்தான் வாங்குவதில்லை. மட்டாஞ்சேரி முன்கூடத்துத் தரையில் உட்கார்ந்தவர்களின் நிலையும் இதுவே.

ஊருக்குப் புதியவரை எப்போது எண்ணத் தொடங்குவது என்பதற்குத் தல்மூதில் ஒரு காலக் கணக்கு உண்டு. ஒருவர் வந்து 30 நாள் தங்கினால் தம்ஹுய் உணவுக்கு அவர் பங்கு தர வேண்டும். மூன்று மாதத்தில் குப்பாவுக்கு. ஆறு மாதத்தில் ஏழைகளின் உடைக்கு. ஒன்பது மாதத்தில் அடக்கச் செலவுக்கு. பன்னிரண்டு மாதத்தில் ஊர் மதிலைச் செப்பனிடும் வேலைக்கு. ஓர் ஆண்டு முடிந்ததும் அவர் ஊராராகிவிடுகிறார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் தலைமுறைகளாகக் கலந்து பேசப்படும் மாரண்டஹள்ளிப் பகுதிக்குப் புதியவர்கள் வருவது புதிதல்ல. இன்று வடமாநிலத் தொழிலாளர்கள் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் தமிழகத்தின் சிற்றூர்கள் வரை வந்துவிட்டார்கள். இத்தகையவர் ஊர்ப் பண்டிகைக்குப் பணம் கொடுக்க முன்வந்தால் யாரும் மறுப்பதில்லை. அதற்கு நன்கொடை ரசீது எழுதப்படுகிறது. நன்கொடையை யாரிடமும் பெறலாம்; வரி ஊராரிடம் மட்டுமே. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன உள்ளூர் இளைஞன் அடுத்த பண்டிகைக்கே ஒரு தலைக்கட்டாகிவிடுகிறான். பத்தாண்டு வாடகைக்கு இருந்து, பிள்ளைகளை ஊர்ப்பள்ளியில் தமிழ் படிக்க வைத்தவரின் பெயர் எந்த மாதத்தில் அந்த நோட்டில் ஏற வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட விதி இல்லை.