துன்பநீக்கமும் அறத்தின் இருப்பும்

மனித வாழ்விலிருந்து துன்பத்தை முற்றிலும் நீக்க இயலுமா, இயன்றாலும் நீக்கத்தான் வேண்டுமா என்பது மெய்யியல் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினாவாகும். துன்பம் இல்லையேல் அருளுக்கும் ஈகைக்கும் இடமில்லை. ஆகவே துன்பமும் வேண்டற்பாலதே என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தின் பொருத்தப்பாட்டை மணிமேகலை கூறும் ஆபுத்திரன் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மழைவளம் குன்றிய பாண்டிநாட்டில் ஆபுத்திரன் அமுதசுரபியால் பசிப்பிணி தீர்க்கிறான். வரந்தர வந்த இந்திரனை அவன் எள்ளி நகையாடவே, இந்திரன் மழை பொழிவித்து நாட்டைச் செழிக்கச் செய்கிறான். உண்பாரின்றிப் பாத்திரம் பயனற்றுப்போகிறது. அறவோனைத் தண்டிக்க வளமே கருவியாவது ஈண்டு நோக்கத்தக்கது. பசி நீங்கிய நாட்டிலும் அவனுக்கு ஒரு துயர் எஞ்சுகிறது. எனினும் வறட்சி மீளவேண்டுமென அவன் விரும்பியதாகக் காப்பியம் கூறவில்லை. பசியால் வாடும் சாவகநாட்டை நாடிக் கலமேறுகிறான். இடையில் மணிபல்லவத்தில் தனித்துவிடப்பட்டபோது, பலரை ஊட்டும் பாத்திரத்தால் தன்னுயிரை மட்டும் காக்க ஒவ்வாது, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பால் உயிர் துறக்கிறான். துன்பம் தீர்க்கவே அறம் உளது. அறம் நிலைபெறுதற்பொருட்டுத் துன்பம் வேண்டப்படுவதன்று என்பது இதனால் பெறப்படும்.

இவ்வேறுபாட்டை இக்கால வாழ்விலும் காணலாம். திருவனந்தபுரம் பழவங்காடிக் கணபதி கோயிலில் தேங்காய் உடைப்போர் வேண்டுவது மேற்கொண்ட செயலின் இடையூறு நீங்குதலையே. துன்பமே இல்லாத வாழ்வை அன்று. 2003இல் மருத்துவர் எம்.ஆர். இராஜகோபால் முதலியோரால் நிறுவப்பெற்று, அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் பாலியம் இந்தியா அமைப்பின் வலிதணிப்புப் பணியும் இறப்பை வெல்ல முனைவதன்று. தணிக்கத்தக்க வலியைத் தணிப்பதாகும். சட்டப்படி அபினி பயிரிடப்படும் இந்தியாவில், 1985ஆம் ஆண்டுப் போதைமருந்துச் சட்டத்தின் கடுமையால், மார்பின் பல நோயாளிகளுக்கு எட்டாமற்போனது. 2014ஆம் ஆண்டுத் திருத்தமே அத்தடையைத் தளர்த்தியது. இவ்வாறு மாந்தர் வகுத்த விதியால் நீடித்த வலியை ஊழின்மேல் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

பிரிவும் இறப்பும் தரும் துயர் அன்பினின்று தோன்றுவது. அதனை அடியோடு களைய அன்பையே களைதல் வேண்டும். பசியும் நோவும் அத்தகையன அல்ல. மருந்திருக்கும் நோவிற்கு மேன்மை கற்பித்தல், அதனைத் தீர்க்கும் கடமையிலிருந்து நழுவுதலே ஆகும். துன்பம் முழுதும் ஒழியாது என்னும் உண்மை, ஒழிக்கத்தக்க துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதற்குரிய காரணமாகாது. ஆபுத்திரன் கலமேறியதன் பொருளும் இதுவே எனலாம்.