பிறவாதோரும் பேரவையும்

பிரித்தானியாவின் ஒரு பகுதியான வேல்ஸின் சட்டப்பேரவையில் வாரந்தோறும் முதலமைச்சரிடம் கேட்கப்படும் வினாக்கள் பெரும்பாலும் வைத்தியசாலை, வீதி, தொழில் என இன்றைய தேவைகளைப் பற்றியனவே. வாக்களிப்போரின் குறையையே உறுப்பினர் எடுத்துரைப்பர். அது குடியாட்சியின் இயல்பு. எனின், இன்னும் பிறவாதோர் சார்பில் வினவுவோர் யார்? பசுமைப் பொருளாதார வளர்ச்சி பற்றிய விவாதத்தின் உயிர்நாடி இவ்வினாவே.

வருங்காலத் தலைமுறையினரின் நல்வாழ்வு பற்றி அப்பேரவை 2015 இல் ஒரு சட்டம் இயற்றியது. இன்றைய தேவையை நிறைவு செய்கையில் நாளையோர் தம் தேவையை நிறைவு செய்யும் ஆற்றலைக் கெடுத்தலாகாது என்பது அதன் அடிப்படை. அவர்தம் நலன் பேண ஓர் ஆணையாளரையும் அது ஏற்படுத்தியது.

2019 இல் அக்கொள்கை சோதனைக்குள்ளாயிற்று. நியூபோர்ட் நகரருகே நெரிசலைத் தணிக்க வகுக்கப்பட்ட எம்-4 நெடுஞ்சாலைத் திட்டத்தைப் பகிரங்க விசாரணை நடத்தியவர் ஆதரித்திருந்தார். எனினும் அன்றைய முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட், செலவையும் குவென்ட் சதுப்புநிலங்களுக்கு நேரும் கேட்டையும் காட்டி அதனை நிராகரித்தார். அன்றாடம் நெரிசலில் காத்திருக்கும் தொழிலாளிக்கு இது அநீதியன்றோ எனலாம். அவன் இழப்பு மெய்யே. ஆயின் அதற்கு வேறு பரிகாரம் தேடலாம். அழிந்த சதுப்புநிலத்தைப் பழையபடி மீட்டல் அரிது.

வரம்பில்லா வளர்ச்சிக்குப் பசுமை என்னும் பெயர் பொருந்தாது. வேண்டியவிடத்து மறுத்துரைக்கத் துணியாத பேரவை எத்தனை நாள் விவாதித்தும் பிறவாதோர்க்குப் பயனில்லை.