விடியற்பொழுது யாருக்குரியது?

1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகரில் வளர்ந்தோருக்கான முதலாவது தேசிய நீச்சற்போட்டி நடைபெற்றது. கலந்துகொண்டோர் சொற்பத் தொகையினரே. அதனைத் தூண்டியவருள் முதன்மையானவரான கடற்படை மருத்துவர் ரான்சம் ஆர்தரின் எண்ணம் எளிமையானது. நடுவயதினரைத் தேகப்பயிற்சியில் நிலைக்கச்செய்ய ஓர் இலக்கு வேண்டும். போட்டி அவ்விலக்காகலாம் என அவர் கருதினார். போட்டி கருவி, உடல்நலம் பயன். ஆயின் நீரில் இறங்கியோர் பலர் இவ்வுறவைத் தலைகீழாக்கினர். போட்டியிடுவதற்காகவே உடல்நலம் பேணுவோராக அவர்கள் மாறினர். 1986இல் ரோக்கியோவில் உலகப்போட்டி நடைபெறுமளவுக்கு இயக்கம் வளர்ந்தது. இத்தலைகீழ் மாற்றத்திலிருந்தே அறவியல் வினாவொன்று பிறக்கிறது.

உத்தியோகமும் குடும்பமும் உடைய ஒருவருக்கு வாரத்தில் மூன்று மணித்தியாலமே மிஞ்சுகிறது எனக் கொள்க. உடல்நலமே நோக்கமெனின் அமைதியான நீச்சல் போதும். நூறு மீற்றரை ஒரு செக்கன் விரைவாகக் கடப்பதால் அவருக்கோ உலகுக்கோ ஆவதொன்றுமில்லை. 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து பாக்குநீரிணையை நீந்திக் கடந்து மீண்ட ஆழிக்குமரன் ஆனந்தனின் முயற்சி ஓர் ஊரின் பெருமையாயிற்று. நகரத் தடாகமொன்றில் நாற்பத்திரண்டு வயதில் ஆறாமிடம் பெறுபவருக்கு அத்தகைய நியாயம் எதுவும் இல்லை. அவர் செலவிடும் பொழுது யாருடையது?

விடியற்காலை ஐந்து மணி எவருக்கும் உரியதன்று என்று நீச்சல்காரர் சொல்வதுண்டு. இது உண்மையன்று. அவர் தடாகத்தில் இருக்கும்போது அடுப்பை மூட்டுபவர் ஒருவர். பிள்ளைகளை எழுப்பிப் பாடசாலைக்கு ஆயத்தம் செய்பவர் ஒருவர். பெரும்பாலான இல்லங்களில் இவ்விருவரும் ஒருவரே. ஆடவன் விடியலில் நீந்தச் சென்றால் அது கட்டுப்பாடு எனப் போற்றப்படும். அவன் மனைவி அதே வேளையில் சென்றால் வீட்டைக் கவனியாதவள் என்பர். ஆகவே 'ஓய்வுநேரம்' என்னும் சொல்லே ஐயத்துக்குரியது. ஒருவரின் ஓய்வு பலவேளைகளில் மற்றொருவரின் உழைப்பினால் ஆனது.

இனி, நீரின் இயல்பை நோக்கலாம். வேகம் கூடும்போது நீரின் தடை ஏறத்தாழ அதன் வர்க்கத்திற்கேற்பவும், வேண்டிய வலு கனத்திற்கேற்பவும் கூடும். பத்து வீதம் விரைவாகச் செல்ல மூன்றிலொரு பங்கு மேலதிக வலு தேவை. எனவே வெறும் உழைப்பைப் பெருக்குவோனை நீர் எளிதில் ஏமாற்றிவிடுகிறது. தலையைச் சற்றே தாழ்த்தி உடலை நேராக்குவது, பல நாள் மூச்சுத்திணறலால் கிட்டாத பயனைத் தரக்கூடும். நேரங்குறைந்தவர் முதலிற் கற்பது விடுவதையே. நீண்ட தூர நீச்சலை விட்டு, உடலைச் சூடேற்றியபின் எட்டுமுறை ஐம்பது மீற்றரைப் போட்டிவேகத்தில் நீந்தி, இடையிடையே இளைப்பாறி, கை நீரைப் பற்றும் விதத்தைக் கவனித்துக் கரையேறுகிறார்.

இதனைக் கொண்டு, குறைவே நிறைவு என்று சிலர் தத்துவம் பேசுவர். அது ஆறுதல் மாத்திரமே. வாரம் பதினைந்து மணித்தியாலம் கிடைத்திருப்பின் அவர் மேலும் விரைவாக நீந்தியிருப்பார். இழந்தது இழந்ததுதான்.

போட்டி விதிகளும் இவ்விழப்பை அறியா. இருபத்தைந்து வயது முதல் ஐந்தாண்டுக்கொரு பிரிவு வகுத்து, வயதை அவை கணக்கில் எடுக்கின்றன, கடமைகளை எடுப்பதில்லை. செல்வந்தரும், நோயுற்ற தாயை இரவெல்லாம் பார்த்திருந்தவரும் அடுத்தடுத்த பாதைகளில் நீந்துவர். ஆகவே முடிவுப்பட்டியல் எவருடைய தகுதியையும் கூறாது. எனினும் அதில் ஓர் உண்மை உண்டு. வயதும் பதவியும் ஏறஏற மனிதர் முகத்துதியையே மிகுதியாகக் கேட்கின்றனர்; நிறுத்தற்கடிகாரம் எவரையும் மரியாதைக்காக விரைவாக்குவதில்லை. இதனை நாடிச்செல்வது அற்பமானதெனக் கூறுவதற்கில்லை.

பயன் கருதாது கருமம் ஆற்றுக என்னும் கீதைநெறி இங்குத் துணைசெய்யுமா? செய்யாது. அந்நெறி கடமையைப் பற்றியது. நீச்சல் எவருக்கும் விதிக்கப்பட்ட கடமையன்று. மேலும், முந்தும் விருப்பை நீக்கிவிட்டால் எஞ்சுவது குளிப்பேயன்றிப் போட்டியன்று. ஜப்பானியரான மியெக்கோ நாகாஓக்கா முழங்கால் நோவுக்காக எண்பது வயதளவில் நீந்தத் தொடங்கினார். 2015இல், நூறாவது வயதில், 1500 மீற்றரை 1 மணி 15 நிமிடம் 54.39 செக்கனில் நீந்தினார். அவ்வயதில் அத்தூரத்தை முடித்தவர் அவருக்குமுன் எவருமில்லை. முழங்காலுக்கு அத்தனை தூரம் வேண்டியதில்லை. அவர் அதை விரும்பினார்; அவ்வளவே.

விருப்பம் என்று ஒப்புக்கொள்வதிலேயே சிக்கல் தீரத் தொடங்குகிறது. 'என் உடல்நலத்துக்காக' என்று கேட்பவரை வீட்டார் மறுக்கவியலாது, மறுப்பவர் கொடியவராவர். அவ்வாறு கேட்பது கேட்பதுபோன்ற கட்டளையே. 'எனக்கு ஆசை' என்று கேட்பவர் 'இயலாது' என்னும் விடைக்கும் இடமளிக்கிறார். மனைவிக்கோ கணவனுக்கோ உள்ள ஆசைக்கும் ஒரு விடியலை ஒதுக்கக் கடமைப்படுகிறார். விடை சிலவேளை பாதகமாகவே வரும். மூன்று மணித்தியாலம் இரண்டாகும். எட்டு ஐம்பதுகள் அவ்வாரத்தில் ஐந்தாகும்.