முதலீடா, செலவா?

நன்கொடை கேட்டுப் படியேறுகிறவர்களிலேயே பாவப்பட்ட ஆசாமி யார் தெரியுமா? ஜெயிலில் இருப்பவர்களுக்காகக் கேட்க வருபவர்தான்.

குழந்தையின் இதய ஆபரேஷனுக்கு என்றால் கொடுப்போம். சுனாமி, வெள்ளம் என்றால் வரிசையில் நின்று கொடுப்போம். கோயில் கும்பாபிஷேகம், சர்ச் கட்டட நிதி... பிரச்னையே இல்லை, கல்வெட்டில் பேர் வரும். கைதிக்கு என்றதும் நமக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் நீதிபதி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். 'தப்பு பண்ணிட்டுத்தானே உள்ள போனான்? நம்ம வரிப்பணத்துல மூணு வேளை சோறு போடறாங்க. இதுல நான் வேற தரணுமா?'

உள்ளூர் கைதிக்கே இந்தக் கதி. கடல் கடந்து, பேர் வாயில் நுழையாத ஊரின் ஜெயிலில் கிடப்பவனுக்கு வேதம் சொல்லப் போகிறோம், காசு கொடுங்கள் என்று கேட்டால்?

கேட்டிருக்கிறார்கள், கிடைத்தும் இருக்கிறது. கேட்ட ஆளே ஒரு மாஜி கைதி என்பதுதான் வேடிக்கை. சார்லஸ் கோல்சன். அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் ஆலோசகர். வாட்டர்கேட் விவகாரங்களின்போது மாட்டி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1974-75-ல் ஏழு மாதம் ஜெயிலில் இருந்தார். வெளியே வந்து 1976-ல் 'ப்ரிஸன் ஃபெல்லோஷிப்' என்ற அமைப்பை ஆரம்பித்தார். 1979-ல் அதன் சர்வதேசக் கிளை. இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. 1993-ல் கோல்சனுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேலான டெம்பிள்டன் பரிசு கிடைத்தது. அப்படியே அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய அரசியல் எனக்கு ஒத்துவராது. ஆனால், அடுத்தவரிடம் கேட்கும் முன் தன் பாக்கெட்டைக் காலி செய்தவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

இவர்கள் எல்லோரும் காட்டும் ஆதாரம் மத்தேயு சுவிசேஷத்தின் 25-ம் அதிகாரம். பசித்தவன், தாகத்தில் இருப்பவன், அந்நியன், உடையில்லாதவன், நோயாளி, கடைசியில் காவலில் இருப்பவன். இவர்களுக்குச் செய்தது எனக்கே செய்தது என்கிறார் இயேசு. பட்டியலை ரெண்டு தடவை படித்துப் பார்த்தேன். 'நிரபராதியாக இருந்தால்' என்று கண்டிஷன் எதுவும் இல்லை. 'திருந்துவானா என்று விசாரித்துவிட்டு' என்பதும் இல்லை. போய்ப் பார்த்தாயா, இல்லையா... அவ்வளவுதான்.

ஆனால், நன்கொடைக் கடிதம் எழுத உட்காருகிறவருக்கு இது போதாது. கொடுப்பவர் மனசு இளக வேண்டுமே!

1982-ல் அலபாமா மாநிலத்தில் ஒரு வழி கிடைத்தது. மேரி கே பியர்ட் என்ற பெண்மணி, வங்கிக் கொள்ளையில் சிறை சென்று மீண்டவர். உள்ளே இருந்தபோது அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு சர்ச்காரர்கள் வந்து சோப்பு, டூத் பேஸ்ட், ஷாம்பு என்று சின்னச் சின்னதாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கைதியாக இருக்கும் அம்மாக்கள் அதை உபயோகிக்கமாட்டார்கள். பிள்ளைகள் பார்க்க வரும்போது கொடுக்க, கிடைத்த காகிதத்தில் சுற்றி எடுத்து வைப்பார்கள். அம்மாவிடமிருந்து ஒரு பரிசு. சோப்புதான். அந்தப் பிள்ளைகள் அதையும் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள்.

மேரி கே வெளியே வந்து, ஷாப்பிங் மாலில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் வைத்தார். அதில் காகித தேவதைகளைத் தொங்கவிட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு கைதியின் பிள்ளையின் பேர், அது ஆசைப்படும் பொருள். கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். முதல் வருஷமே ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பரிசு போய்ச் சேர்ந்தது. 'ஏஞ்சல் ட்ரீ' அப்புறம் பல நாடுகளுக்கும் பரவியது.

அருமையான வேலை, சந்தேகமில்லை. கவனியுங்கள், காகிதத்தில் இருந்தது குழந்தையின் பேர். அம்மாவின் பேரைத் தொங்கவிட்டிருந்தால் எத்தனை பேர் எடுத்திருப்போம்?

குழந்தைக்கு அடுத்தபடியாக விலைபோவது திருந்தியவன் கதை. 'உங்கள் பணத்தால் ஒரு திருடன் மனுஷனானான். சமூகத்துக்கு இவ்வளவு லாபம்.' அதாவது, முதலீடு. நான் பி.காம். படித்தவன். முதலீடு என்று யாராவது சொன்னால் உடனே ஐந்தொகையைப் பார்க்கத் தோன்றும்.

பார்ப்போமா? டெக்சாஸ் ஜெயில் ஒன்றில் இதே அமைப்பு நடத்திய திட்டத்தைப் பற்றி 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியானது. திட்டத்தை முடித்தவர்களில் 8 சதவிகிதம் பேர்தான் இரண்டு வருஷத்துக்குள் மறுபடி ஜெயிலுக்குப் போனார்கள். சேராதவர்களில் 20 சதவிகிதம். பிரமாதம்! ஆனால், சேர்ந்தவர்கள் 177 பேர், முடித்தவர்கள் 75 பேர். பாதியில் நின்றவர்களையும் கூட்டிக்கொண்டால் திரும்பப் போனவர்கள் 24 சதவிகிதம். சேராதவர்களைவிடக் கொஞ்சம் அதிகம்! மார்க் கிளைமன் என்ற பேராசிரியர் உடனே பிடித்துக்கொண்டார். நம்மூர் டுடோரியல் காலேஜ் விளம்பரம் ஞாபகம் வருகிறதா? பாஸானவன் போட்டோ மட்டும் இருக்கும். இத்தனைக்கும் முழுக் கணக்கும் அந்த ஆய்வறிக்கையிலேயே இருந்தது. மேடையேறியது அந்த 75 பேர் மட்டும்.

இன்னொரு சங்கடம். அயோவா மாநிலத்தில் அரசுப் பணத்தோடு இதே திட்டம் நடந்தது. சேர்ந்த கைதிக்கு மரக்கதவு வைத்த அறை, மறைவான கழிப்பறை. மற்ற கைதிகளுக்குப் பல ஜெயில்களில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இரும்புக் கழிப்பறை. வழக்குப் போட்டார்கள். அரசு செலவில் மதம் வளர்ப்பது செல்லாது என்று 2006-ல் கோர்ட் சொன்னது. 2007-ல் மேல் கோர்ட்டும் அதை ஆமோதித்தது.

அமெரிக்காவிலாவது கதவும் கழிப்பறையும்தான் பிரச்னை. மடகாஸ்கர் சிறைகளில் சாப்பாடு என்பது பெரும்பாலும் காய்ந்த மரவள்ளிக்கிழங்கு, அதுவும் அரை வயிற்றுக்கு. வீட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உயிர் தங்கும். அங்கே ஒரு கையில் அரிசியும் மறு கையில் பைபிளுமாக ஒருவர் நுழைந்தால், உள்ளே இருப்பவன் சொல்லும் 'ஆமென்' எதற்கு? அவனுக்கே தெரியாது. கொடுக்கிறவர் தேடிக்கொண்டு வந்ததும் அந்த ஆமெனைத்தான் என்றால் விஷயம் கெட்டுப்போகிறது. வராதவனுக்கும் அதே அளவு அரிசி உண்டு என்று நன்கொடைக் கடிதத்திலேயே எழுதட்டும். நன்கொடை குறையலாம். குறையட்டுமே.

என் கட்சி இதுதான்: கைதிக்குக் கொடுக்கும் பணத்தை முதலீட்டுக் கணக்கில் எழுதவே கூடாது. அது செலவு. விருந்தாளிக்குச் சோறு போட்டுவிட்டு 'என்ன ரிட்டர்ன்?' என்று யாரும் கேட்பதில்லை.

'பாதிக்கப்பட்டவனுக்கு யார் கொடுப்பது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சகேயு என்ற வரி வசூல்காரர், ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்னார். அவர் ஏறிய மரத்தின் பேரிலேயே, கைதிகளையும் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் எதிரெதிரே உட்காரவைக்கும் திட்டம் ஒன்றை இதே அமைப்பு நடத்துகிறது. நன்கொடைக் கடிதங்களில் குழந்தைகளுக்கு முன்னால் இது வரவேண்டும்.

செலவு என்று நான் சொல்வதற்குச் சரியான சோதனை பாலித் தீவின் கெரோபோகன் சிறை. ஆஸ்திரேலியர்களான ஆண்ட்ரூ சான், மயூரன் சுகுமாரன் இருவரும் 2005-ல் ஹெராயின் கடத்தல் வழக்கில் கைதானார்கள். மயூரன் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். 2006-ல் இருவருக்கும் மரண தண்டனை. ஆண்ட்ரூ உள்ளேயே பைபிள் வகுப்பு நடத்தி, 2015-ல் போதகராகவே ஆனார். மயூரன் ஓவியம் கற்று, மற்ற கைதிகளுக்கும் வகுப்பு ஏற்பாடு செய்தார். திருந்திவிட்டார்கள், விட்டுவிடுங்கள் என்று ஆஸ்திரேலியாவே கெஞ்சியது. 2015 ஏப்ரல் 29, நள்ளிரவு தாண்டி, நூசகம்பாங்கன் தீவில் எட்டுப் பேரைச் சுட்டார்கள். அதில் இவர்கள் இருவரும் உண்டு. கண்ணைக் கட்டிக்கொள்ள மறுத்து, எட்டுப் பேரும் பாடிக்கொண்டே நின்றதாகப் பத்திரிகைகள் எழுதின.

அந்தப் பத்து வருஷமும் வெளியிலிருந்து அந்தச் சிறைக்குப் போய் வந்த போதகர்கள் உண்டு. தூரிகையும் வர்ணமும் கொண்டுபோன ஓவியர்கள் உண்டு. அவர்களுடைய வருஷாந்தர அறிக்கையை நான் எழுத நேர்ந்தால் 'பலன்' என்ற கட்டத்தில் எதை நிரப்புவது? வழக்கில் மாட்டிய ஒன்பது ஆஸ்திரேலியர்களில் கடைசி ஐந்து பேர் 2024 டிசம்பரில் ஊர் திரும்பிவிட்டார்கள். ஜெயிலுக்குள் வகுப்பு நடத்திய ஆண்ட்ரூவும் மயூரனும் அந்த விமானத்தில் இல்லை.