சீல் விழாத முத்திரை

ஆலய வழிபாட்டை நிறைவு செய்யும் அடியவர், வெளியே வருமுன் சண்டேசுர நாயனார் சந்நிதியில் நின்று மெல்லக் கைகளைத் தட்டுவது சைவ மக்களின் வழக்கமாகும். "எம்பெருமானுடைய பொருள் எதையும் எடுத்துச் செல்லவில்லை, கை வெறுமையாகவே இருக்கிறது" என்று காட்டுவதே அதன் கருத்து என்பர் பெரியோர். சிவன் சொத்து குலநாசம் என்று கேட்டு வளர்ந்த மக்களுக்குக் கோயில் தேங்காய் ஒன்றையோ, எண்ணெய்ப் போத்தல் ஒன்றையோ வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வராது. ஆனால் அரசாங்கத்தின் பொருள் என்று வரும்போது அதே கை அவ்வளவாகக் கூசுவதில்லை. அதிலும் பொருள் சிறியதாக, விரல்நுனி அளவினதாக இருந்துவிட்டால் அது ஒரு பொருளாகவே தோன்றுவதில்லை.

அவ்வாறான ஒன்றுதான் தபால் முத்திரை. திருவிழாக் காலத்தில் ஆலயங்களுக்கு நன்கொடைக் கடிதங்கள் பல வரும். அவற்றுள் சில உறைகளில் ஒட்டிய முத்திரையின் மேல் தபாற் கந்தோர்ச் சீல் விழாமலே வந்துவிடும். முத்திரையை வழக்கமான மூலையில் ஒட்டாமல் விட்டிருப்பார்கள். அல்லது உறை தடிப்பாக இருந்திருக்கும். அல்லது வேலை நெருக்கடியில் ஒரு கடிதம் கை தவறியிருக்கும். பார்ப்பதற்கு முத்திரை புத்தம் புதிது. கொதிநீரின் ஆவியில் பிடித்தால் இலகுவாக உரிந்து வரும். 2022 ஆகஸ்ட்டில் சாதாரண கடிதத்தின் ஆகக்குறைந்த கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தபோது, இந்த ஆவி பிடிக்கும் எண்ணம் பலருக்கு வந்திருக்கக்கூடும். "வீட்டுக்கா எடுக்கிறோம்? கோயில் அழைப்பிதழ் அனுப்பத்தானே?" என்றொரு சமாதானமும் உடன் வரும். இந்தச் சமாதானத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முத்திரை என்பது என்ன? கொழும்பிலிருந்து கடுகண்ணாவை மலையேறிக் கண்டிக்குக் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிய 1832 இல் உலகில் எங்குமே ஒட்டும் முத்திரை கிடையாது. 1840 இல் பிரித்தானியாவில் அது பிறந்தது. இலங்கையின் முதல் முத்திரை, 6 பென்சு பெறுமதியானது, 1857 ஏப்ரல் 1 ஆம் திகதி வெளிவந்தது. கடிதம் கொண்டு செல்வோருக்குரிய கூலியை அனுப்புபவர் முன்கூட்டியே கட்டிவிட்டார் என்பதற்கான பற்றுச்சீட்டே அந்தத் துண்டுக் கடதாசி. கடிதம் உரியவர் கைக்கு வந்து சேர்ந்த கணமே அந்தக் கூலி தீர்ந்துவிட்டது. சீல் விழுந்தாலும் தீர்ந்தது, விழாவிட்டாலும் தீர்ந்தது.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த மக்களுக்கு இந்தக் கூலியின் அருமை நன்கு தெரியும். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானபின், அண்ணன் அக்கரையிலும் தம்பி லயத்திலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. தபாற் பையைச் சுமந்து தோட்டத்துக்கு வரும் தப்பால்காரர் வழியைப் பார்த்துக் காத்திருந்த தாய்மார் பலர். அந்தக் கடிதம் கடல் கடந்து, ரயிலேறி, மலையேறி வந்தது எவரோ ஒட்டிய ஒரு முத்திரையின் பலத்தினால்தான். வழியில் உழைத்த கைகளுக்கெல்லாம் அதுவே சம்பளம்.

இதனைப் பூசைமுறையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். சுவாமிக்குச் சாத்திய மலரை மறுநாள் களையும்போது அது சில வேளை வாடாமலே இருக்கும். வாடவில்லை என்பதற்காக அதை மீண்டும் சாத்துவாருண்டோ? சாத்திய மாத்திரத்தில் அது நிர்மாலியம். வாட்டம் வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. "வில்வத்தைக் கழுவி மீண்டும் சாத்தலாமே" என்று விடயமறிந்த அடியார் ஒருவர் கேட்கக்கூடும். உண்மைதான். வில்வத்துக்கு அந்த இடத்தைப் பூசைவிதியே கொடுத்திருக்கிறது. முத்திரைக்கு எந்த விதியும் அப்படி இடங்கொடுக்கவில்லை. 1883 இல் வந்த தண்டனைச் சட்டக்கோவை, முன்னர் பாவித்தது என்று தெரிந்துகொண்டே அரசாங்க முத்திரையை மோசடியாக மீண்டும் பாவிப்பதைக் குற்றமாக வைத்திருக்கிறது. சீல் விழுந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. பாவித்ததா என்றே கேட்கிறது.

இந்த ஆசை முத்திரையோடு கூடப் பிறந்தது. 1840 இன் முதல் முத்திரை கறுப்பு நிறம். அதன்மேல் குத்திய சீல் சிவப்பு மை. சனங்கள் அந்தச் சிவப்பு மையை அழித்துவிட்டு முத்திரையை மறுபடியும் ஒட்டத் தொடங்கினர். மறு வருடமே முத்திரையைச் சிவப்பாக்கிச் சீலைக் கறுப்பாக்க வேண்டியதாயிற்று. இலண்டனில் பிள்ளைகள் உள்ளோர் அங்கிருந்து வரும் கடிதங்களில் இன்னொரு புதுமையைக் கண்டிருப்பர். 2023 முதல் அந்நாட்டின் அன்றாட முத்திரைகளின் பக்கத்தில் கோடுகளும் புள்ளிகளுமாக ஒரு குறியீடு இருக்கிறது. ஒவ்வொரு முத்திரைக்கும் தனிக் குறியீடு. மை படாவிட்டாலும் இது ஏற்கனவே பிரயாணம் செய்த முத்திரை என்பதை இயந்திரம் கண்டுகொள்ளும். சித்திரா பௌர்ணமியில் சித்திரபுத்திரனார் கதை கேட்கும் சைவர்களுக்கு இது அதிசயமன்று. யமதர்மராசனின் இலிகிதராகிய அவருக்குச் சீலும் வேண்டாம், குறியீடும் வேண்டாம்.

இனி, "கோயிலுக்குத்தானே" என்ற பேச்சுக்கு வருவோம். இதற்கு மாணிக்கவாசக சுவாமிகளின் வரலாறே விடை. பாண்டியனின் அமைச்சராக, குதிரை வாங்க அரச பண்டாரத்துப் பொருளுடன் சென்றவர், திருப்பெருந்துறைக் குருந்தமர நிழலில் குருநாதரைக் கண்டு தம்மை மறந்தார். பொருள் முழுவதையும் திருக்கோயிலுக்கும் அடியார்க்கும் செலவிட்டார். அதைவிடப் புனிதமான செலவு உண்டா? ஆனாலும் பண்டாரத்தின் கணக்கு தானாகத் தீர்ந்துவிடவில்லை. அமைச்சர் சிறையிருந்தார், வெயிலில் நின்றார். நரிகளைப் பரிகளாக்கி இறைவனே குதிரைச் சேவகனாக வர வேண்டியிருந்தது. பரிகள் இரவில் மீண்டும் நரிகளாக, வைகை பெருகிற்று. அப்போதும் பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி வாங்கியவர் எம்பெருமானே. அந்த அடி எல்லோர் முதுகிலும் பட்டது என்பது திருவிளையாடற் புராணம். திருவாதவூரர் தம்மை மறந்த நிலையில் செய்தது அது. கேத்தலின் முன் நின்று முத்திரை உரிப்பவருக்கு அப்படியொரு குருதரிசனம் கிடைத்ததாகச் சொல்வதற்கில்லை. அவர் மிக நல்ல நினைவோடுதான் இருக்கிறார். தெரிந்தே செய்யும் அந்தக் காரியத்துக்கும் பிரம்படியை இறைவன் முதுகில் சுமத்துவது எந்த வகையில் பக்தி?

சிக்கனம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். 1927 நவம்பரில் கண்டிக்கும் வந்து சென்ற காந்தியடிகள், பழைய கடித உறைகளின் பின்புறத்தை எழுதுவதற்கு வைத்துக்கொள்வார். 1947 ஜூன் 2 ஆம் திகதி, நாட்டின் பிரிவினை பற்றிப் பேச மவுண்ட்பேட்டன் பிரபுவைச் சந்தித்தபோது அவருக்கு மௌன விரத நாள். அன்று அவர் தம் கருத்தை எழுதிக் காட்டியதும் பாவித்த உறைகளின் பின்புறத்தில்தான். உறை, வந்து சேர்ந்தவருக்குச் சொந்தம். அதைத் திருப்பி ஒட்டலாம், எழுதலாம், கணக்குப் போடலாம். முத்திரையின் பெறுமதி அவருக்குச் சொந்தமன்று.

ஆகவே ஆலயக் கந்தோரில் செய்யத்தக்கது சுலபமானது. சீல் விழாத முத்திரையோடு உறை வந்தால் பேனாவால் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடலாம். பற்றுச்சீட்டு முத்திரையின் குறுக்கே கையெழுத்து வைப்பதும் அது மறுபடி பாவனைக்கு வராதிருக்கத்தானே. முத்திரை சேர்க்கும் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கோட்டோடு கொடுத்தாலும் மகிழ்ந்து வாங்குவார்கள். ஒன்றுமட்டும் வேறு. முத்திரை ஒட்டிய அழைப்பிதழைத் தபாலில் சேர்க்காமல், அடியவரை நேரில் கண்டு கையிலேயே கொடுக்க நேரிட்டால், அந்தக் கூலி இன்னும் தீரவில்லை. அது ஆலயத்தின் பணம். கொடுக்குமுன் அந்த முத்திரையைத் தாராளமாக ஆவி பிடித்து எடுக்கலாம். எடுத்தவர் அதை முத்திரைக் கணக்கில் திரும்ப வரவு வைத்துவிடவும் வேண்டும்.