அருகிருத்தல்

மகப்பேற்று அறையில் மருத்துவருக்கு வேலை உண்டு, செவிலியருக்கும் உண்டு. வேலை ஏதுமின்றி, வலியுறும் பெண்ணின் கையைப் பற்றி நிற்கும் மற்றொருத்திக்கு அங்கு என்ன உரிமை? இவ்வினாவை எளிதெனத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

குவாத்தமாலா மருத்துவமனை ஒன்றில் சோசா, கென்னல், கிளாஸ் முதலியோர் நடத்திய ஆய்வு 1980-இல் வெளியாயிற்று. முன்பின் அறியாத, மருத்துவம் பயிலாத பெண்ணொருத்தி அருகிருந்து முதுகை நீவினாள், ஆறுதல் மொழிந்தாள். சிக்கலின்றிப் பெற்றவர்களுள், துணையிருந்தோர்க்குச் சராசரியாக 8.8 மணி நேரத்தில் பிள்ளை பிறந்தது, தனித்திருந்தோர்க்கு 19.3 மணி நேரமாயிற்று. ஆயினும் இரத்தப்போக்குக்குக் கைப்பற்றுதல் மருந்தாகாது. மருத்துவத்திற்கு மாற்றாக அன்பை நிறுத்துவோர் தாய்க்குத் தீங்கே இழைப்பர்.

அன்னை மரியா எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்கிறார் லூக்கா. அங்கு அவர் செய்த வேலை எதையும் குறிப்பிடவில்லை. (தண்ணீர் சுமக்கவும் அடுப்பூதவும் அவரை வைத்தது நம் மறையுரைகளே!)

தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004-இல் தொடங்கிற்று. தாய் தானே விரும்பித் தெரியும் துணை வேண்டுமென 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 'தானே விரும்பி' என்னுமிடத்தில்தான் நம் குடும்பங்கள் இடறுகின்றன. தாயா, மாமியாரா என்னும் வழக்கில், பெறுபவளைக் கேட்கப் பலர் மறந்துவிடுகின்றனர். கணவரே வேண்டுமென்பாள் ஒருத்தி. திரையற்ற பொது அறையில், அடுத்த கட்டிலில் இருப்பவளின் நாணத்திற்கும் மதிப்புண்டன்றோ? இவ்விரு உரிமைகளும் மோதுவதாகச் சொல்லி இருவரையுமே தனிமையில் விடுகிறோம். திரைச்சீலை வாங்கப் பெருஞ்செலவு ஆகாது.