கடல் பார்க்கப் போவது பாவமா?

பென்னலூர், ஒரகடம் பக்கம் ஷிப்டு வேலை பார்க்கும் தம்பதி, லீவையும் பணத்தையும் சேர்த்துவைத்து மாலத்தீவுக்கு டிக்கெட் போட்டால், ‘அந்தக் காசில் நாலு கோயிலுக்குப் போகக்கூடாதா?’ என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்த ராமானுஜரிடமே இதற்கு விடை இருக்கிறது. உலகம் பொய்த் தோற்றமல்ல, மெய். உயிரும் சடப்பொருளும் இறைவனின் உடல் என்பது அவர் சித்தாந்தம். அப்படியானால், முழங்கால் ஆழத் தெளிநீரில் பவளப்பாறைகளுக்கிடையே வரிமீன்கள் நழுவுவதை இருவரும் சேர்ந்து ரசிப்பது, இறைவனை விட்டு விலகுவது ஆகாது.

‘அவரே இல்லறம் துறந்தவராயிற்றே’ எனலாம். உண்மைதான். ஆனால் அவருடைய தலைமைச் சீடர் கூரத்தாழ்வான், மனைவி ஆண்டாளோடு வாழ்ந்தவர். செல்வத்தை உதறினாரே தவிர, துணையை உதறவில்லை. விட வேண்டியது உடைமைப் பற்றை, உலகத்தை அல்ல. ‘ஆசைக்கு எல்லை உண்டா?’ என்ற கேள்வி இன்னும் வலுவானது. அந்த எல்லையையும் இதே சித்தாந்தம்தான் வகுக்கிறது. தீவு இறைவனின் உடல் என்றால், நாம் தின்று தீர்க்கும் பண்டமல்ல அது. மாலத்தீவின் பெரும்பகுதி நிலம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர்கூட இல்லை. மிதித்தால் பவளம் உடைந்துவிடும். ஆகவே கடன் வாங்காமல், பவளத்தை மிதிக்காமல், குப்பை போடாமல் போய் வாருங்கள். அது பாவமல்ல, வழிபாட்டுக்கு அடுத்த படி.